கொரியாவுக்கு ஒரு சேம்பிள்

எனக்கு எழுபத்தாறு நடக்கிறது. வளர்த்தது ஆறு. பெற்றது நான்கு; கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் லாரியில் அடிபட்டுப் போன பிறகு அவர்கள் பிள்ளைகள் இரண்டும் என் வட்டிலில்தான் சோறு தின்றன. ஆறு பேரில் ஒருவரையும் நான் சோதித்துப் பார்த்து வளர்க்கவில்லை. அடித்திருக்கிறேன், பட்டினி போட்டிருக்கிறேன். சோதித்ததில்லை. நான் சொல்லப் போகிறவளோ மனிதர்களைச் சோதிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் போர்டு படிப்பேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

திருப்பூருக்குப் பக்கத்தில், அருள்புரத்திலிருந்து உள்ளே திரும்புகிற ரோட்டில் எங்கள் காடு. கிணறு வற்றிச் சோளம் விதைத்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஆன பிறகு, வீட்டுக்கு எதிரே பெரிய ஷெட் ஒன்றும் அதன் பின்னால் சின்ன ஷெட் ஒன்றும் போட்டோம். பெரிய ஷெட்டுக்கு வாடகைக்கு வந்தவள்தான் அவள். குழந்தைகள் உடுப்புத் தைக்கிற கம்பெனி. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் இஞ்ச் டேப். யாரோடு பேசினாலும் எதிரே நிற்பவரின் சட்டையோரத்தையோ முந்தானையோரத்தையோ இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொண்டேதான் பேசுவாள். தையல் பிரிந்து வந்தால் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

பனியன் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பார்ட்டி ஆர்டர் தருவதற்கு முன்னால் ஒரே ஒரு உருப்படி தைத்து அனுப்ப வேண்டும். அதுதான் சேம்பிள். அவன் அதை இழுத்துப் பார்ப்பான், துவைத்துப் பார்ப்பான், வெயிலில் பிடித்துப் பார்ப்பான். சரி என்று சொன்ன பிறகுதான் ஆயிரக்கணக்கில் வெட்டித் தைப்பார்கள். சேம்பிள் ஓகே ஆகாமல் துணியில் கத்தி வைக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. இந்த வழக்கத்தை அவள் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. சோற்றுக்கும் சேம்பிள் பார்த்தாள், சொந்தத்துக்கும் பார்த்தாள்.

ஷெட்டை அவளுக்கு என்று வாய்விட்டுச் சொன்ன மறுநாள், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் காரில் வந்தார்.

"ஏனுங்க ஆத்தா, அந்தப் பொம்பளைக்கு எதுக்குங்க குடுக்கறீங்க? எனக்குக் குடுங்க, வாடகை சேத்தித் தர்றனுங்க" என்றார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. காப்பி குடிச்சுட்டுப் பொறப்படுங்க" என்றேன்.

அடுத்த நாள் அவள் ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு வந்து நின்றாள். "நீங்க பாஸுங்க அத்தை."

அனுப்பியதே அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. "என்னையப் பாஸ் போடறதுக்கு நீ யாரு கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பழத்தைச் சீப்போடு எருமைக்குப் போட்டேன். அவள் கோபிக்கவில்லை. எருமை தின்று முடிக்கிறவரை சிரித்த முகமாக நின்று பார்த்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. என்னைப் போல் ஒருத்தி வந்து சேர்ந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்காரர் சாது. கம்பெனி டெம்போ ஓட்டுவது, சாயம் போடுகிற டையிங்கிலிருந்து துணி எடுத்து வருவது, இதுதான் அவர் வேலை. ஒரு நாள் மத்தியானம் அவருக்குப் போன் போட்டு, கட்டிங் மிஷினில் விரல் போய்விட்டது என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தாள். அந்த மனிதர் வந்து சேர்ந்த கோலத்தை நான் என் வாசலில் இருந்து பார்த்தேன். காலில் செருப்பில்லை. ரயில்வே கேட் மூடியிருந்ததால் டெம்போவை அங்கேயே நடுரோட்டில் விட்டுவிட்டு, தெரியாத ஒருவன் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"பரவால்லீங்க. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றாள்.

உள்ளே இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு குழாயடியில் போய் முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

அதைவிட மோசம் மகளை வைத்துப் பார்த்தது. கம்பெனி முகப்பில் வைக்கக் கல்லில் ஒரு பிள்ளையார் செய்யச் சொல்லலாம் என்று திருமுருகன்பூண்டிக்குப் போனபோது, சின்னப் பிள்ளையாக இருந்த மகளைச் சிற்பிகள் வேலை செய்கிற கொட்டகையில் விட்டுவிட்டு, பாதி செதுக்கிய சிங்கம் ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பிள்ளை எவ்வளவு நேரம் கழித்து அழும் என்று பார்ப்பதற்கு. பிள்ளை அழவில்லை. கல் சில்லுகளைப் பொறுக்கி அடுப்புக் கூட்டி விளையாடியது. ஒரு சிற்பி கொடுத்த தயிர்சோற்றைத் தின்றது. சாயங்காலம் இவள் என்னிடம் வந்து கண்ணீர் விட்டாள்.

"திரும்பிக்கூடப் பாக்கலீங்க அத்தை."

"தகிரியமான புள்ளைன்னு சந்தோசப்படு கண்ணு."

"தகிரியம் இல்லீங்க. அவ என்னையத் தேடல."

அவள் சேம்பிள் பார்த்ததெல்லாம் இந்த ஒன்றைத்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. தான் இல்லாத இடத்தில் தன்னைத் தேடுகிறார்களா, தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள். அது தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவளிடம்தான் கொரியாக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர், கூடவே மொழி பெயர்க்க மெட்ராஸிலிருந்து ஒருத்தி. ஷெட்டுக்குச் சொந்தக்காரி என்று என்னையும் பட்டுச்சேலை கட்டவைத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். அவர்களில் ஒருவன் குழந்தை கவுன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். இவளை ஒரு பார்வை பார்த்தான். மற்றவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

"என்னங்க சொல்றாங்க?" என்று இவள் கேட்டாள்.

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க மேடம்" என்றாள் மொழி பெயர்க்க வந்தவள்.

"அதுக்கு எதுக்கு சிரிச்சாங்க?"

"சும்மா மேடம்."

ஆர்டர் கிடைத்தது. அடுத்த சீசனுக்கும் கிடைத்தது. அவளுக்கு அது போதவில்லை. என் வீட்டுக்கு வந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "என்ற முன்னாடி நின்னு என்னையப் பத்திப் பேசினாங்க அத்தை. எனக்குத் தெரியாம."

"ஆர்டர் குடுத்துட்டாங்கல்ல? சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க."

"இல்லீங்க. நான் அந்த பாஷையப் படிச்சே ஆகோணும்."

முதலில் போனில் படித்தாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, செக்கிங் டேபிளுக்கு நடுவே நடந்தபடி ஏதேதோ முணுமுணுப்பாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். போன் பத்தாது என்று டவுனில் கிளாஸுக்குப் போனாள். அதுவும் பத்தவில்லை. அங்கேயே போய் ஒரு வருஷம் தங்கிப் படிக்கப் போவதாகவும், காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாகவும் ஒரு நாள் வந்து சொன்னாள். மகள் அதற்குள் வளர்ந்து வெளியூர் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள்.

"கம்பெனிய?"

"விட்டுட்டுப் போறனுங்க. வந்து எடுத்துக்குவேன்."

"ஆருகிட்ட?"

"ரோசம்மாகிட்ட."

ரோசம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் எங்கோ ஓடிப்போக, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறியவள். நூல் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, செக்கிங்குக்குப் போய், சூப்பர்வைசராக ஆகியிருந்தாள். அவளிடம் இவள் ஒரு வாக்குக் கொடுத்தாள். ஒரு வருஷம் கம்பெனியைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டால், திரும்பி வந்ததும் பின்னால் இருக்கும் சின்ன ஷெட்டில் மிஷின்கள் போட்டு ரோசம்மா பெயரில் தனி லைன். வேலை இவளே கொடுப்பாள்.

இன்னொருத்தி கம்பெனியில் நின்று தேய்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ரோசம்மா அன்றைக்கே என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, பின்னால ஷெட்டுக்குக் கரண்டு தனியா இழுத்துக்கிடலாமா? கூரை ஒழுகுதுன்னா நானே ஆளு வச்சு மாத்திக்கிடுதேன். நீங்க வேற ஆருக்கும் குடுத்துராதீக."

"மொதல்ல வருசத்த ஓட்டு ஆத்தா" என்றேன். அவள் போய்ச் சின்ன ஷெட்டின் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

புறப்படுவதற்கான ஏற்பாடுகள் ஆரம்பமாயின. குளிருக்கு உள்ளே போடுகிற உடுப்பை அவளே துணி எடுத்து அவளே தைத்துக்கொண்டாள். பருப்புப் பொடி இடித்தாள். ஒரு பக்கம் ரோசம்மாவுக்குப் பாடம் நடந்தது. தன் நாற்காலியில் ரோசம்மாவை உட்கார வைத்து, இவள் எதிரே நின்றுகொண்டு ஒவ்வொரு வேஷமாகப் போடுவாள். சம்பளம் பத்தவில்லை என்று சண்டைக்கு வருகிற டெய்லர், கோபமாக வந்த பார்ட்டி, லேபர் ஆபீசர். வேலை நின்று போய் ஷெட்டே வேடிக்கை பார்க்கும். ஒரு நாள் நானும் மோர் கொடுக்கப் போனவள் நின்று பார்த்தேன். சேலையை வேட்டி மாதிரி தூக்கிச் செருகிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி ரோசம்மா முன்னால் போய் நின்றாள்.

"ஏய், நான்தான்டி உன்ற புருசன். திரும்பி வந்துட்டேன். கல்லாவத் தொற."

பெண்கள் சிரித்தார்கள். ரோசம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"தொறடி. புள்ளையப் பாக்க வந்திருக்கேன். மொதல்ல காசக் குடு."

"வெளிய போ" என்றாள் ரோசம்மா. சத்தம் போடவில்லை. ஆனால் அயர்ன் போடுகிறவர்கள்கூடப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

இவள் சேலையை இறக்கி விட்டுக்கொண்டாள். "ஓகே" என்றாள், சேம்பிளுக்குச் சொல்வது போலவே.

புறப்படுகிற நாள் கேட்டில் சூடம் கொளுத்தினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். ரோசம்மா சுக்குக் கருப்பட்டி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "குளிரு ஊருன்னு சொல்லுதாவ. வாயில போட்டு ஒதுக்கிக்கிடுங்கக்கா" என்றாள். பெட்டியைக் காரில் ஏற்றி வீட்டுக்காரர் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அந்தக் கார் தோட்டத்து வழியாக என் வீட்டுக் கொல்லைக்கு வந்து நின்றது. அவள் இறங்கினாள்.

"நெசமாப் போறதுக்கு இன்னும் நாளு இருக்குதுங்க அத்தை. அதுக்குள்ள ஒரு சேம்பிள் பாத்துக்கறேன். மேல் ரூமக் குடுங்க."

எனக்கு அதிசயமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். மேல் ரூமின் ஜன்னல் நேரே ஷெட்டைப் பார்த்தது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஷெட்டில் இருக்கும் கேமராக்களின் படமும் பேச்சும் அதில் வந்தன.

மூன்று வேளையும் நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். சினிமா பார்ப்பது போல இருந்தது. அவள் சும்மா பார்க்கவில்லை, இடைஞ்சலும் செய்தாள். கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியை வேறு ஷேடில் மாற்றி அனுப்பச் சொன்னாள். ரோசம்மா வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். ஷிப்மெண்ட் போகவேண்டிய நாளில் வீட்டுக்காரரை விட்டு ஜெனரேட்டர் பீஸைப் பிடுங்கச் சொன்னாள். மெயின் கரண்டும் இல்லாத நேரம் அது. கேமராவும் நின்றுபோனதால் ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் நாங்கள் பார்த்தோம். ரோசம்மா தைக்கிறவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் டேபிளை இழுத்துப் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பேக்கிங்கை நடத்தினாள். சரக்கு போய்விட்டது. நான் கை தட்டியே விட்டேன். இவள் தட்டவில்லை.

ஷெட்டில் வேறு மாற்றங்களும் நடந்தன. ஆபீஸ் ரூமில் இவளுக்கென்று இருந்த பெரிய ஃபேனை ரோசம்மா அயர்ன் டேபிள் பக்கம் மாற்றினாள். பாத்ரூம் போகப் பெண்கள் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்ற சட்டம் போயிற்று. பாட்டுப் பெட்டி பாடியது. வேலையும் முன்னைவிட அதிகமாகத்தான் நடந்தது.

"நல்லாத்தானே போகுது கண்ணு, ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க போகுது" என்றாள். தட்டில் கையைக் கழுவினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். யாராவது தன்னைப் பற்றிப் பேச மாட்டார்களா என்று போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடப் போதும். திட்டியிருந்தால் அன்றைக்கு இரண்டு தோசை கூட இறங்கியிருக்கும். பெண்கள் சீட்டுக் கட்டுவதைப் பேசினார்கள், மாமியாரைப் பேசினார்கள், சீரியலைப் பேசினார்கள். வடக்கத்திப் பையன்கள் இந்தியில் பேசிச் சிரித்தார்கள். இவள் பெயர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அவ்வளவு நாள் அந்தச் சத்தத்துக்குள் காதை வைத்துத் துழாவியும் ஒரு தடவைகூட வரவில்லை.

"உன்னைய ஆரும் தேடக் காணோமே கண்ணு" என்றேன். கண்ணில் பட்டதைச் சொன்னேன். அவள் என்னோடு அதற்கப்புறம் ஒரு முழு நாள் பேசவில்லை.

கடைசியில் ஒரு பேச்சு வந்தது. அயர்ன் டேபிளில் மடித்துக் கொடுக்கிற ஒரு சின்னப்பெண் கேட்டாள், "ஏனக்கா, மேடம் வந்துட்டாங்கன்னா இந்த ஃபேன மறுபடியும் எடுத்துருவாங்களா?"

ரோசம்மா நூல் வெட்டிக்கொண்டே சொன்னாள். "அவிய வாரதுக்கு ஒரு வருசம் கெடக்கு. நீ இப்ப காத்து வாங்குடி."

அத்தனை பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. வேக்காட்டில் காற்று வந்தால் வருகிற சிரிப்பு. இவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து சேலையை மாற்றினாள். இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டாள். படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, ஷெட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

பாட்டு நின்றது. ஒருத்தி "மாதாவே" என்றாள். பிளேன் விழுந்து செத்து ஆவியாக வந்துவிட்டாள் என்றே நினைத்திருப்பார்கள். ரோசம்மாதான் முதலில் சுதாரித்தாள். "என்னக்கா, போகலையா? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"எதிர் ஊட்டு மாடியில இருந்தேன். எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். இது சேம்பிள்" என்றாள்.

ரோசம்மாவுக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரமாயிற்று. பிடிபட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தாள். பெரிய பரீட்சை முடிந்த பிள்ளையைப் போலச் சிரித்தாள். "அப்ப நான் பாஸாக்கா?"

"பாஸுதான். ஒரு கொறை இல்ல. சாவியக் குடு."

"எதுக்குக்கா?"

"நான் இல்லாமயே இத்தன நல்லா ஓடுதுன்னா, நாளைக்கு நான் வந்து எங்க உக்கார்றது? நீ நாளையிலிருந்து வர வேண்டாம்."

ரோசம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கிக் கரண்டு போச்சே, அதுவும் நீங்கதானா?"

"ஆமா."

"அன்னைக்கி என் மவளுக்குக் காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போடுதுன்னு பக்கத்து வீட்டுல இருந்து போன் வந்துச்சு. சரக்கு போகணுமேன்னு நான் போகல. அவியதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ."

"அது எனக்குத் தெரியாது" என்றாள் இவள். "சேம்பிள்ல அது வரல."

ரோசம்மா சாவியை டேபிளில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சின்ன ஷெட் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாவி வீட்டுக்காரர் கைக்குப் போயிற்று. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க அத்தை" என்று என்னிடம் ரகசியம் போலச் சொன்னாள். "நான் வர்றப்போ அத்தன பேரும் என்னைய எதிர்பாத்துக் கேட்டுல நிப்பாங்க." சொல்லிவிட்டு என் முந்தானையோரத்தை இழுத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் நிஜமாகவே பிளேன் ஏறிவிட்டாள். சூடம் கொளுத்த ஒருத்தரும் வெளியே வரவில்லை.

அவள் போன பிறகு இரண்டு மாதம் ஷெட்டில் பேச்சு மூச்சில்லை. பெண்கள் உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் என் வீட்டு மாடியை அண்ணாந்து பார்ப்பார்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இல்லை என்று நானும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் அந்த அயர்ன் டேபிள் பெண் கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் வந்து, நான் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து மாடிக்கு ஏறிவிட்டாள். ரூமில் வெங்காயம் உலர்த்தியிருந்தேன். அவ்வளவுதான். அந்த வாரமே நாலு பேர் வேலையை விட்டு நின்றார்கள். அடுத்த வாரம் இன்னும் சிலர். எல்லோரும் ரோசம்மாவிடம் போனார்கள். அவள் ஒரு மாட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பழைய மிஷின் சிலதை வாங்கிப் போட்டு, மற்ற கம்பெனிகளிடம் கூலிக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

சியோலிலிருந்து இவள் போன் செய்வாள். குரலில் அவ்வளவு குஷி.

"பாத்தீங்களா அத்தை? நான் இல்லைன்னதும் எப்படி விழுகுது பாத்தீங்களா? கேமராவுல பாத்துட்டேதான் இருக்கறேன்."

"கண்ணு, உன்ற ஊட்டுக்காரரு திணர்றாரு. ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் நிமித்தலாம்."

"இன்னுங் கொஞ்சம் விழட்டுங்க அத்தை. அப்பத்தான் அருமை தெரியும்."

எங்கள் ஷெட்டுக்குப் பத்திரம் கித்திரம் கிடையாது. வருஷா வருஷம் தை மாதம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம். மாற்றினால் இன்னொரு வருஷம். அதையும் போனில் ஞாபகப்படுத்தினேன். தை பிறக்கப் போகிறது, வந்தாலும் சரி, வீட்டுக்காரரை வெற்றிலையோடு அனுப்பினாலும் சரி என்றேன். "இருங்க அத்தை, பாத்துக்கலாம்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ ரயில் போகிற சத்தம் கேட்டது.

தை வந்தது. தை போயிற்று. மாசியில் வீட்டுக்காரர் வந்து நின்றார். "என்னால முடியலீங்கம்மா. மிஷின் பூராவும் என்ற பேர்லதான் இருக்குது. ரோசம்மா வாங்கிக்கறேங்குது. குடுத்தறட்டுமாங்க?" என்று என்னைக் கேட்டார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் தானாக எடுத்த முதல் முடிவு அது. அதையும் இன்னொருத்தியைக் கேட்டுத்தான் எடுத்தார். மறுநாள் ரோசம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்தாள். சின்ன ஷெட்டைக் கேட்கவில்லை. பெரியதைக் கேட்டாள். நான் தட்டை மாற்றிக்கொண்டேன்.

இவளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். கேமராவைக் கழற்றுகிறவரை அவளே பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? கழற்றிய பிறகு அவளிடமிருந்தும் போன் வரவில்லை.

வருஷம் முடிந்து ஒரு காலை நேரம் டாக்ஸியில் வந்து இறங்கினாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, கேட்டில் மாட்டியிருந்த புதுப் போர்டைப் படித்தாள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். டெம்போவிலிருந்து வீட்டுக்காரர் துணிப் பண்டல் இறக்கிக்கொண்டிருந்தார்; அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த பண்டலைத் தூக்கினார். நான் வாசலில் இருந்து எழுந்து போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சந்தோஷமான சிரிப்பு.

"ஏனுங்க அத்தை, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? எனக்கே சேம்பிளா?"

"எனக்கு அந்தப் பழக்கமில்ல கண்ணு" என்றேன். "தை முடிஞ்சுது. நீ வரல."

அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் போகாமல் முகத்திலேயே நின்றது. "அந்தக் கொரியாக்காரங்க அன்னைக்கு என்னத்துக்குச் சிரிச்சாங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டனுங்க. அவங்க ஆபீஸுக்கே போயி, அவங்க பாஷையிலயே கேட்டேன்." பெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஞாபகமில்லைன்னுட்டாங்க. திருப்பூரா, எந்தக் கம்பெனின்னு கேட்டாங்க."

அதற்குள் ரோசம்மா வெளியே வந்தாள். கையில் டீ. அவள் முகத்தில் பகையும் இல்லை, பழசும் இல்லை. வேலை நடுவே எழுந்து வந்தவள் முகம்.

"வாங்கக்கா. டீ குடிங்க. எப்ப வந்திய?" என்றாள். இவள் வாங்கிக் குடித்தாள். குடித்து முடிக்கிறவரை ரோசம்மா நின்றாள். பிறகு சொன்னாள். "அடுத்த வாரம் அந்தக் கொரியாப் பார்ட்டி இங்க வாராவ. பேச ஒரு ஆளு வேணும்னு தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்களுக்குத் தோதுப்பட்டா ஒரு பத்து நாளு வாங்க. சரிப்பட்டு வந்தா வச்சுக்கிடுதேன்."

குத்திக் காட்டச் சொன்னாளா என்று நான் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இவள் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். கை தானாக நீண்டு ரோசம்மாவின் முந்தானையோரத்தைப் பிடித்தது. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். ரோசம்மா சேலையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "லோடு நிக்குது, வாரேன்க்கா" என்று உள்ளே போய்விட்டாள். இவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு மேல் ரூமைக் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. கொரியாவுக்கே திரும்பிப் போய்விட்டதாக ஒருத்தர் சொன்னார், மகளோடு இருப்பதாக ஒருத்தர் சொன்னார். யாரும் விசாரிக்கவில்லை.

எனக்கு அவளைப் பிடிக்கும். இத்தனை நாள் கழித்து உட்கார்ந்து சொல்கிறேன் என்றால் பிடிக்காமலா? ஆனால் அவள் ஆசைப்பட்டதை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? நாலு பேர் வாயில் தன் பேர் இருக்கிறதா என்று கதவுக்குக் கதவு காதை வைத்துக் கேட்டவள், இன்றைக்கும் எங்கேயாவது காதை வைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

எழுதினது போதும் கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை வாசி. மெதுவாக வாசி. அவள் பேர் எங்காவது என் வாய் தவறி விழுந்திருந்தால், அதை மட்டும் எடுத்துவிடு.